கடைசி கீமோ முடிந்ததும் கேட்டு வாங்க வேண்டிய தாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. சிகிச்சை முடிந்ததற்கு அடையாளமாக வார்டில் மணி அடிக்கும் குழந்தை, பக்கத்தில் கண் கலங்கி நிற்கும் பெற்றோர், 'வென்றாள்' என்று ஒரு தலைப்பு. நல்ல செய்திதான், இன்னும் நிறைய வரட்டும். குழந்தைக்குப் புற்றுநோய் என்றாலே எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. மருத்துவ வசதி நன்றாக உள்ள நாடுகளில் ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தச் செய்திகள் எல்லாமே மணி அடித்ததோடு நின்றுவிடுகின்றன. மறுநாளிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. கடிதம் கொஞ்சம் நீளம். முடிந்தால் இதிலுள்ள எண்களையாவது வெட்டாமல் போடுங்கள்.

வார்டை விட்டுக் கிளம்பும் முன் 'சிகிச்சைச் சுருக்கம்' என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். பெற்றோரிடம் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, இது வேறு. டிஸ்சார்ஜ் சம்மரி அந்த ஒரு தடவை அட்மிட் ஆனதைப் பற்றி மட்டும் பேசும். ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு மூன்று வருடம் சிகிச்சை எடுத்த குழந்தைக்கு அப்படிப்பட்ட சம்மரிகள் ஒரு பை நிறையச் சேர்ந்திருக்கும். பத்து வருடம் கழித்து ஓர் இதய மருத்துவர் கேட்கும் ஒரே ஒரு கேள்விக்கு அந்தப் பையிலிருந்து பதில் தேடி எடுப்பது பெரும்பாடு. சிகிச்சைச் சுருக்கம் இரண்டு பக்கத்தைத் தாண்டாது. நோயின் முழுப்பெயர், எந்த நிலை, கண்டறிந்த தேதி, அப்போது குழந்தையின் வயது, சிகிச்சை தொடங்கிய நாள், முடிந்த நாள், கொடுத்த ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவு, கதிர்வீச்சு, அறுவை சிகிச்சை, ரத்தம் ஏற்றிய விவரம், ஒவ்வாமை, நடுவில் வந்த பெரிய சிக்கல்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மருந்துகளை நிறுவனம் வைத்த பெயரில் எழுதாமல் வேதிப்பெயரில் எழுதச் சொல்லுங்கள். நிறுவனப் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

மொத்த அளவு எழுதும் இடத்தில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. பெரும்பாலான கீமோ மருந்துகளை உயரமும் எடையும் சேர்த்துக் கணக்கிட்ட உடல் பரப்பளவை வைத்து, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தப் பரப்பளவு சுமார் 0.6 சதுர மீட்டர் இருக்கும். டாக்சோரூபிசினைச் சதுர மீட்டருக்கு 25 மி.கி. வீதம் ஐந்து தடவை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் உடம்பில் ஏறுவது 15 மி.கி.; ஐந்துக்கும் சேர்த்து 75 மி.கி. மருந்துச் சீட்டுகளை வைத்துக் கூட்டுபவர் 75 என்றுதான் எழுதுவார். சுருக்கத்தில் இருக்க வேண்டியதோ சதுர மீட்டருக்கு 125 மி.கி. பிற்காலத்தில் இதயத்தை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதற்கு 100, 250 என்று இரண்டு எல்லைகள் உண்டு. 75 என்று எழுதினால் குழந்தை 'ஆபத்து குறைவு' என்ற பக்கம் போய்விடும். 125 என்று எழுதினால் அதே குழந்தை சோதித்துப் பார்க்க வேண்டிய பக்கம் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் 'மி.கி.' மட்டும் இருக்கிறதா, 'மி.கி./ச.மீ.' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாளை வாங்குங்கள்.

இன்னொரு தப்பும் நடக்கும். சில இடங்களில் 'நெறிமுறைப்படி (முன்கூட்டியே வகுத்த சிகிச்சைத் திட்டப்படி) சிகிச்சை முடிந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நெறிமுறையில் திட்டமிட்டது ஒன்று, குழந்தைக்கு உண்மையில் போனது இன்னொன்று. நடுவில் வெள்ளணுக்கள் இறங்கியதால் அளவைக் குறைத்திருப்பார்கள்; வாய்ப்புண்ணுக்காக ஒரு சுற்றைத் தள்ளியிருப்பார்கள்; ஒவ்வாமை வந்து ஒரு மருந்தையே மாற்றியிருப்பார்கள். போட்டது எவ்வளவோ அதைத்தான் கேட்க வேண்டும். சிகிச்சை நடுவில் மருத்துவமனை மாறியிருந்தால் இரண்டு இடத்துக் கணக்கையும் சேர்க்க வேண்டும். இதை நீங்கள் நினைவுபடுத்தாவிட்டால் விட்டுப்போகும். கதிர்வீச்சுப் பிரிவு பெரும்பாலும் தனிக் கோப்பு வைத்திருக்கும் என்பதால் அதையும் தனியாகக் கேட்க வேண்டும். உடம்பில் எந்த இடம், மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எத்தனை அமர்வு, கடைசி அமர்வின் தேதி ஆகிய நான்கும் வேண்டும். 'தலைக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது' என்ற வரியை வைத்துப் பிற்காலத்தில் யாரும் எதுவும் தீர்மானிக்க முடியாது. இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவமனைகள் பழைய கோப்புகளைக் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. மருத்துவரும் மாற்றலாகிப் போய்விடுவார்.

இந்த எண்கள் எதற்கு? டாக்சோரூபிசின், டௌனோரூபிசின் போன்ற சிவப்பு நிற மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியவை. பாதிப்பு உடனே தெரியவேண்டும் என்பதில்லை. குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும், பல வருடம் கழித்து ஒரு பெரிய காய்ச்சலிலோ கர்ப்ப காலத்திலோ வெளியே வரும். சதுர மீட்டருக்கு 250 மி.கி. அல்லது அதற்கு மேல் போயிருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ (இதயத்தின் ஸ்கேன்). 100-க்கும் 250-க்கும் இடையில் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. நெஞ்சுக்குக் கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் இதயத்தைத் தாக்கும் வலு ஒன்றல்ல. அதனால் கூட்டுவதற்கு முன் மாற்று விகிதம் போடுவார்கள். அதை மருத்துவரிடம் விட்டுவிடலாம். வீட்டில் நம் கையில் இருப்பது ரத்த அழுத்தம். அது ஏறினால் இந்த இதயங்களுக்குக் கேடு பல மடங்கு. 'கீமோ எடுத்த குழந்தை' என்று விளையாட்டை நிறுத்தி உட்கார வைப்பதும் தப்பு. உடற்பயிற்சி நல்லது, மிகக் கனமான எடை தூக்கும் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளூர் மருத்துவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்கலாம், அது அவர் குற்றமில்லை. அமெரிக்காவின் சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப் 2003-லிருந்து வெளியிட்டுவரும் நீண்டகாலக் கண்காணிப்பு வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறாவது பதிப்பு 2023-ல் வந்தது. எந்த மருந்துக்கு எந்தச் சோதனை என்று வரிவரியாக இருக்கிறது. சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் கடந்தவர்களுக்காக எழுதப்பட்டது. சிகிச்சைச் சுருக்கம் கையில் இருந்தால் எந்த மருத்துவரும் அதைப் புரட்டி உங்கள் குழந்தைக்கு உரிய பக்கத்தை எடுத்துவிடுவார்.

அந்த இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் ஆறு மாதம் என்று ஒன்று இருக்கிறது. அதில் தடுக்கி விழுபவர்கள்தான் அதிகம். கீமோ நின்றுவிட்டது என்றதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் கொடுக்கும் கோட்ரிமாக்சசோல் மாத்திரை கீமோ அல்ல. நியூமோசிஸ்டிஸ் என்ற கிருமியால் வரும் நிமோனியாவைத் தடுக்கும் மருந்து. வெள்ளணு எண்ணிக்கை சீரானாலும் எதிர்ப்புச் சக்தி திரும்ப மாதங்கள் ஆகும். அதனால் கடைசி கீமோவுக்குப் பிறகும் மூன்று முதல் ஆறு மாதம் வரை, மருத்துவர் சொல்லும் நாள் வரை, கொடுக்க வேண்டும். வறட்டு இருமல், வேகமான மூச்சு, விளையாடினால் சீக்கிரம் களைத்துப்போவது ஆகியவை இந்த மாதங்களில் தெரிந்தால் சாதாரணச் சளி என்று விடக்கூடாது. டெக்சாமெத்தசோன், பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து அண்மையில் நின்றிருந்தால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி சில வாரங்களுக்கு மந்தமாகவே இருக்கும். அந்த நேரத்தில் காய்ச்சலோ தொடர் வாந்தியோ வந்து குழந்தை துவண்டு கிடந்தால், 'ஸ்டீராய்டு இன்ன தேதியில் நின்றது' என்று அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

போர்ட் (மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கு அடியில் வைத்த, ரத்தக் குழாயோடு இணைந்த சிறு கருவி) இன்னும் உள்ளே இருந்தால், சிகிச்சை நடந்தபோது காய்ச்சலுக்கு இருந்த பழைய சட்டம் அப்படியே செல்லும். ஒரு தடவை 38.3 டிகிரி செல்சியஸ் (101 பாரன்ஹீட்) காட்டினாலோ, 38 டிகிரி (100.4 பாரன்ஹீட்) ஒரு மணி நேரம் நீடித்தாலோ நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் 'கொஞ்ச நேரம் பார்ப்போம்' என்பது கூடாது. மாத்திரை சூட்டை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது. அங்கே ஒரு சிறு கீறல் போதும், குடல் கிருமிகள் ரத்தத்துக்குள் போய்விடும். அக்குளில் பார்த்தால் உண்மையான சூட்டைவிடக் குறைத்தே காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். போர்ட் அடைத்துக்கொள்ளாமல் இருக்க மாதம் ஒருமுறை போல மருந்துநீர் செலுத்தி ஃபிளஷ் செய்வார்கள். ஃபிளஷ் செய்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர்நடுக்கம் வந்தால் குழாய்க்குள் கிருமி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள் கொள்ளுங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நடுங்கினாலும் வண்டியைத் திருப்புங்கள். நோய் திரும்பினால் பயன்படுமே என்று போர்ட்டை வருடக்கணக்கில் விட்டுவைக்கும் பெற்றோர் உண்டு. அந்தப் பயம் புரிகிறது, ஆனால் பயன்படாத போர்ட் கிருமிக்குத்தான் வசதி. எப்போது எடுக்கலாம் என்று முதல் பரிசோதனையிலேயே கேட்டுவிடுங்கள்.

தடுப்பூசி அட்டையையும் தூசி தட்டி எடுக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் போட்ட ஊசிகளின் பலன் கீமோவில் கரைந்துபோயிருக்கலாம். உயிரற்ற கிருமி ஊசிகளைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்தில் தொடங்குவார்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளுக்குக் குறைந்தது மூன்று மாதம், பல இடங்களில் ஆறு மாதம், காத்திருப்பார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றிய குழந்தைக்கு எல்லாம் முதலிலிருந்து. உயிருள்ள ஊசிகள் இரண்டு வருடத்துக்குப் பிறகுதான். எதிர்ப்புச் சக்தி திரும்பும்வரை வீட்டிலுள்ள மற்ற குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்துக்குப் பதில் போலியோ ஊசி போடச் சொல்லுங்கள், சொட்டு மருந்தின் கிருமி மலத்தில் வெளியேறும். பள்ளியில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். தடுப்பு மருந்து வேலை செய்வது முதல் சில நாட்களுக்குள்தான். ரத்தமும் தட்டணுக்களும் ஏற்றிய குழந்தைக்கு மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. சோதனைகளை ஒரு தடவை முடித்து, விடையைச் சுருக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நோய் திரும்ப வருமோ என்ற பயம். இதை வேண்டாம் என்று சொல்லி யாரும் நிறுத்தியதில்லை. சிகிச்சை நடந்தபோது திடமாக இருந்தவர்கள்கூட, அது முடிந்த பிறகுதான் தூக்கம் கெட்டு அலைகிறார்கள். மனநல ஆலோசகரை அப்போது பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதைக் கவனிப்பது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் ஒழுங்குக்கு வரும். காரணமில்லாமல் நீடிக்கும் காய்ச்சல், இரவில் எழுப்பிவிடும் எலும்பு வலி, அடிபடாமல் வரும் கன்றிய தழும்பு, தோலில் சிவப்புப் புள்ளிகள், காலையில் தலைவலியோடு வாந்தி ஆகியவற்றைக் கவனியுங்கள். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஆண் குழந்தைகளிடம் இன்னொன்று: விதைப்பை ஒரு பக்கம் மட்டும் வலியில்லாமல் பெரிதாவது. கீமோ எளிதில் எட்டாத இடம் அது. வளர்ந்த பையன்கள் வெட்கத்தில் மறைப்பார்கள், முன்பே சொல்லி வையுங்கள். மற்றபடி சளி பிடித்தபோது கழுத்தில் ஒரு நெறி கட்டியதற்கும், வைரஸ் காய்ச்சலில் வெள்ளணு சற்று இறங்கியதற்கும் பதற வேண்டியதில்லை. ஓரிரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்பார்கள், பெரும்பாலும் ஏறியிருக்கும்.

சிஸ்பிளாட்டின் போட்ட குழந்தையின் காது தனியாக ஒரு பத்தி கேட்கும். அந்த மருந்து உட்செவியில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் செல்களை முதலில் அழிக்கிறது. அவை மறுபடி முளைப்பதில்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பும், கை தட்டினால் திரும்பும். அதனால் காது நன்றாக இருக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். குரலின் சத்தம் தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. சொல்லைத் தெளிவாக்கும் 'ச', 'ஸ', 'ஃப' போன்ற மெய்கள் மேலே இருக்கின்றன. அவை போய்விட்டால் பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. இரைச்சலான வகுப்பில் கேட்கவே வேண்டாம். ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுக்கும்போது 4000 ஹெர்ட்ஸோடு நிறுத்தாமல் 6000, 8000 வரை பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குள் இந்த மருந்து வாங்கிய குழந்தைகளுக்குப் பாதிப்பு அதிகம், சிகிச்சை முடிந்த பிறகும் மோசமாகலாம். ஒரு தடவை நன்றாக வந்த முடிவை வைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. அமிக்காசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் இதே காதைத்தான் தாக்கும். வேறு மருந்து பொருந்துமானால் அதைத் தரும்படி கேட்பதற்கும் அந்தச் சுருக்கத் தாள்தான் துணை.

வின்கிரிஸ்டின் போட்ட குழந்தையைக் குதிகாலில் நாலடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தட்டினால் நரம்பு இன்னும் சரியாகவில்லை, பிசியோதெரபி வேண்டும். ஸ்டீராய்டு நிறைய எடுத்த குழந்தைக்கு, அதிலும் பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு, இடுப்பிலோ முட்டியிலோ விடாத வலி இருந்தால் எக்ஸ்ரே சுத்தமாக வந்ததை நம்பி விட்டுவிடாமல் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போவது தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து குறித்து வையுங்கள். 18 கிரே அளவிலேயே வளர்ச்சி ஹார்மோன் குறையலாம், பருவம் முன்கூட்டியே வரலாம். கழுத்துக்கு என்றால் வருடம் ஒருமுறை தைராய்டு. நெஞ்சுக்கு வாங்கிய பெண் குழந்தைக்கு 25 வயது அல்லது கதிர்வீச்சு முடிந்து எட்டு வருடம், எது பிந்தியதோ அப்போதிருந்து மார்பகப் பரிசோதனை. பிளியோமைசின் என்ற கீமோ மருந்து வாங்கியிருந்தால் எந்த ஆபரேஷனுக்கு முன்பும் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதிக ஆக்சிஜன் அந்த நுரையீரல்களுக்கு ஆகாது. பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள்: சின்ன வயதில் கீமோ எடுத்தவர்களுக்குப் பல்லின் வேர் குட்டையாக இருக்கலாம், கம்பி கட்டும் முன் அவர் படம் எடுத்துப் பார்ப்பார்.

பள்ளிக்குத் திரும்பிய முதல் வருடம் படிப்பில் பாதிப்பு எதுவும் வெளியே தெரியாது. முதுகுத்தண்டு வழியாகவோ அதிக அளவிலோ மெத்தோட்ரெக்சேட் போன, அல்லது தலைக்குக் கதிர்வீச்சு வாங்கிய குழந்தைகளில் சிலர், பாடச்சுமை கூடும் வகுப்புகளுக்கு வந்த பிறகுதான் பின்தங்குவார்கள். புரியாமல் இல்லை, வேகம் குறைவு. கவனம் சிதறும், கணக்கில் இரண்டாவது படியில் முதல் படி மறந்துபோகும். பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் அழித்துவிடுவார். 'சோம்பேறி' என்று பெயர் வந்துவிடும், நோய்க்காகக் கொடுத்த சலுகைகளும் அதற்குள் தீர்ந்திருக்கும். நரம்பு உளவியல் மதிப்பீடு ஒன்று செய்து அறிக்கையைப் பள்ளியில் கொடுத்தால், தேர்வில் கூடுதல் நேரம், எழுதிய குறிப்பின் நகல், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை என்று கேட்டு வாங்கலாம்.

குழந்தையிடம் நோயின் பெயரை மறைக்கும் வீடுகள் நிறைய. 'ரத்தத்தில் கொஞ்சம் கோளாறு' என்று சொல்லியே கல்லூரி வரை கொண்டுபோய்விடுகிறார்கள். கல்யாணப் பேச்சில் தடங்கல் வரும் என்ற கணக்கு அதன் அடியில் இருக்கும். எங்கள் கருத்தில் இது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய தீங்கு. பெயரே தெரியாதவர் எக்கோவுக்கு ஏன் போவார்? பன்னிரண்டு பதிமூன்று வயதிலிருந்து மருத்துவரோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள். பதினெட்டு வயதுக்குள் தன் நோய் எது, என்ன மருந்துகள் வாங்கினேன், எதை எப்போது சோதிக்க வேண்டும் என்று தாளைப் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

குழந்தைப் பேறு பற்றியும் அந்த வயதில் பேசிவிட வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு, ஐஃபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகள், இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு ஆகியவை இதில் கை வைப்பவை. பையனுக்கு மீசை முளைத்து, குரல் உடைந்து எல்லாம் சரியாக நடக்கலாம். ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் தாக்குப்பிடிக்கும், விந்தணுவை உண்டாக்கும் செல்கள் பிடிக்காது. அதனால் வெளித்தோற்றத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, விந்துப் பரிசோதனைதான் சொல்லும். பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்தாலும் அது நிற்கும் வயது முந்தி வரலாம். எனவே மகப்பேற்றைத் தள்ளிப்போடும் முன் ஹார்மோன் அளவு பார்த்துக்கொள்வது நல்லது. பாதிப்பு இருக்கும் என்று வைத்துக்கொண்டு கருத்தடையே வேண்டாம் என்று இருப்பதும் ஆபத்துதான், பலருக்கு இயல்பாகவே கரு தங்குகிறது. சிவப்பு மருந்து வாங்கிய பெண் கருவுற்றால், முடிந்தால் அதற்கு முன்பே, இல்லையென்றால் முதல் மூன்று மாதத்துக்குள், ஒரு எக்கோ எடுக்க வேண்டும். சுருக்கத் தாளின் நகலை மகப்பேறு மருத்துவரின் கோப்பில் முதல் நாளே சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிகிச்சை முடித்த குழந்தைகளின் பெற்றோரும் செவிலியரும் சிலர்